பூர்வீகம் என்ற சொல்

கிளிநொச்சியில் ஒரு கொமினிகேசனில் நாலு வருசம் வேலை செய்தேன். வெளியூர்க்காரருக்கு அந்தச் சொல் விளங்காது. முந்தி காசு கொடுத்துக் கோல் எடுக்கிற கடையாக இருந்தது. இப்போது போட்டோக்கொப்பி, லமினேற்றிங், ரீலோட், தட்டச்சு, பாஸ்போட் படம் என்று எல்லாம் நடக்கும், பெயர் மட்டும் பழைய பெயர்தான். கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ போகிற சனம் எங்களிடம் ஏறி இறங்கித்தான் போகும். 2015 கடைசியில் சேர்ந்தேன், 2019இல் கலியாணம் முடித்ததோடு விட்டேன். அதற்குள் எத்தனை மகஜர் அடித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

போன மாதம் வவுனியாவில் ஒரு பயிற்சிப் பட்டறைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். புரொஜெக்டர், மார்க்கர், கலர் ஒட்டுத்தாள், மத்தியானம் கோழிப் பார்சல். வளவாளர் "வலையமைப்பு", "கூட்டுக் கதையாடல்", "கொள்கைச் செல்வாக்கு" என்று மூன்று வட்டம் கீறி, மூன்றும் வெட்டுகிற இடத்தில் "மாற்றம்" என்று எழுதினார். நல்ல பிள்ளை, கொழும்பிலிருந்து விடியப்புறம் வெளிக்கிட்டு வந்தவர், குறை சொல்ல மனம் வரவில்லை. பக்கத்தில் இருந்த அக்கா என் காதுக்குள் "இதைத்தானே நாங்கள் றோட்டில படுத்துப் படிச்சனாங்கள்" என்றார், சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வட்டங்கள் மண்டைக்குள் நின்றன. அதுதான் எழுதுகிறேன்.

நான் கடையில் சேர்ந்த புதிதில் வந்த மகஜர்கள் எல்லாம் "நான்" என்று தொடங்கும். "கனம் ஐயா, நான் மேற்படி முகவரியில் வசிக்கும் கணவரை இழந்த குடும்பப் பெண்." அப்புறம் "தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டுவருவது யாதெனில்", கடைசியில் "தயவுடன் வேண்டி நிற்கிறேன்". இதை நான் ஒரு பைலாகவே போட்டு வைத்திருந்தேன், பெயரும் கிராம சேவகர் பிரிவும் மாற்றினால் போதும். ஆளாளுக்கு ஒரு கடிதம், ஆளாளுக்கு ஒரு சொப்பின் பை. அந்தப் பைக்குள் என்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்வேன்: சண்டை முடிந்து அடைத்து வைத்த மெனிக் பாம் முகாமில் கொடுத்த அட்டை, பிள்ளையின் பிறப்புப் பத்திரம், பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைக் கடிதம், எல்லாம் மடித்து மடித்து மடிப்பில் கிழிந்தவை. ஒரு அம்மா மகனின் படத்தைக் கொப்பி எடுக்க வருவார். மூலப்படத்தைக் கையிலே தர மாட்டார், தானே மெசினில் வைத்து மூடியைப் பொத்துவார்.

அவர்கள் கதை சொல்லிக் களைத்துப்போயிருந்தார்கள். 2010இல் நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு ஒரு தடவை, காணாமல் போனவர்களை விசாரிக்க 2013இல் அமைத்த பரணகம ஆணைக்குழுவுக்கு ஒரு தடவை, 2016இல் நல்லிணக்கம் பற்றிச் சனத்திடம் கருத்துக் கேட்ட கலந்தாலோசனைச் செயலணிக்கு இன்னொரு தடவை. அந்தச் செயலணி மட்டும் நாடு முழுக்க 7,306 சமர்ப்பணங்களை வாங்கியது. 2017 தை (ஜனவரி) 3ஆம் திகதி அறிக்கையும் கொடுத்தார்கள், நல்ல அறிக்கை என்றுதான் படித்தவர்கள் சொன்னார்கள். ஆனால் பாருங்கள், எத்தனை பேரோ குழுவோ வந்து சொன்னாலும், எனக்குத் தெரிந்து சொன்னவர் ஒரு கதிரையில் இருந்து தன் கதையைத் தனியாகத்தான் சொன்னார். முடிந்ததும் எழும்பி பஸ் ஏறிப் போய்விட்டார். அடுத்த கதிரையில் இருந்தவருக்கும் தனக்கும் ஒரே கதைதான் என்பதைக் கதைத்துப் பார்க்க அங்கே நேரமில்லை.

அறிக்கை கொடுத்து ஒரு மாதம் ஆகவில்லை, தை 31ஆம் திகதி முல்லைத்தீவில் பிலவுக்குடியிருப்புச் சனம் தங்கள் காணியைக் கேட்டு விமானப்படை முகாமுக்கு முன்னால் போய்க் குந்திவிட்டது.

அதற்கு முந்திய வருசம் கிளிநொச்சி ரவுணுக்குள்ளேயே பரவிப்பாஞ்சானில் காணிக்காரர் இப்படிப் போராட்டம் இருந்து பார்த்திருந்தார்கள், அதைப் பார்த்துத்தான் எனக்கே "இப்படியும் செய்யலாம்" என்று பட்டது. ஆனால் பிலவுக்குடியிருப்பு வேறு மாதிரி. கேப்பாப்பிலவுப் பக்கத்துச் சனத்தை 2012 புரட்டாதியில் மெனிக் பாம் மூடும்போது சொந்த ஊருக்கு விடாமல் மாதிரிக் கிராமம் என்று ஒன்றில் கொண்டுபோய் இறக்கினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் தங்கள் தென்னை காய்த்துக் கொட்டுவது தெரிய, இந்தப் பக்கம் வாழ்ந்த சனம் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன், கடை முதலாளியிடம் தலையிடி என்று பொய் சொல்லிவிட்டு. தறப்பாள் கொட்டில், கல் அடுப்பு, பள்ளிக்கூடப் பையோடு பிள்ளைகள். நான் பார்க்கப் போனது வீரத்தை. பார்த்தது ஒரு சீ.ஆர். கொப்பியை. அதில் ஒரு பக்கம் அரிசி தந்தவர் பெயர், ஒரு பக்கம் இரவு யார் யார் முறை, கடைசிப் பக்கங்கள் முழுக்கத் தொலைபேசி இலக்கம். "முல்லைத்தீவு பேப்பர் தம்பி", "சிங்களம் தெரிஞ்ச பாதர்", "கொழும்பு லோயர் மிஸ்", "பரவிப்பாஞ்சான் அக்கா". வட்டம் கீறி வலையமைப்பு என்று எழுதுகிறார்களே, அது இந்தக் கடைசிப் பக்கம்தான். எந்த நேரத்தில் எந்த இலக்கத்துக்கு அடிக்க வேண்டும் என்று அந்தக் கொப்பியை வைத்திருந்த பெண்ணுக்குத் தெரியும். அமைச்சரின் ஆட்கள் வருகிறார்கள் என்றால் முதலில் பேப்பர் தம்பி, பொலிஸ் வந்தால் முதலில் லோயர் மிஸ்.

இன்னொன்றும் கவனித்தேன். வெளியாள் வந்து "மாற்றுக் காணி தந்தால் என்ன?" என்று கேட்டால் கிழவியும் அதே பதில், பள்ளிக்கூடப் பிள்ளையும் அதே பதில்: "எங்கட காணி உள்ளுக்க இருக்கு." பாடமாக்கிச் சொன்ன மாதிரி இல்லை, ஆனால் பேசி வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். இதிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. அவர்களிடம் சொல்ல ஆயிரம் இருந்தது. செத்தவர் கதை, காணாமல் போனவர் கதை, முகாம் கதை, கடன் கதை. அவ்வளவையும் கொஞ்ச நாளைக்கு ஒரு பக்கம் வைத்துவிட்டு, கேட்கிறவன் தப்ப முடியாத ஒரே ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டார்கள். உனக்கு நட்டஈடு தரலாம், வீடு தரலாம், வேறு காணி தரலாம் என்று அதிகாரி கொண்டுவந்த எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது. ஒரு மாசம். பங்குனி 1ஆம் திகதி 40 ஏக்கர் சொச்சம் திரும்பி வந்தது. அன்றைக்கே மற்றக் கேப்பாப்பிலவுச் சனம் மிச்சக் காணிக்காகக் குந்தியது, அதில் 133 ஏக்கர் அந்த வருசக் கடைசியில் வந்தது. முழுவதும் இன்னும் வரவில்லை.

2017 மாசியில் இருந்து வைகாசி வரை என் கடைக்கு வந்த மகஜர்களின் மொழியே மாறிப்போனது. மாசியில் புதுக்குடியிருப்புக் காணிக்காரர். மாசி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமலாக்கப்பட்டவர்களின் உறவுகள் இருக்கத் தொடங்கினார்கள், நாலு நாள் கழித்து வவுனியா. பங்குனியில் மன்னார்ப் பக்கம் முள்ளிக்குளம், வைகாசி முதலாம் திகதி இரணைதீவுச் சனம் இரணைமாதா நகரில். "நான்" போய் "நாங்கள்" வந்தது, "தயவுடன் வேண்டி நிற்கிறேன்" போய் "கோருகிறோம்" வந்தது. முதலாளி ஒருநாள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பிள்ளை, கனம் ஐயாவைக் காணேல்லையே" என்றார். சனம் வேண்டாமென்று சொல்லிட்டுது அண்ணை என்றேன்.

இரணைதீவு எனக்கு இன்றைக்கும் மயிர் கூச்செறிகிற கதை. 1992இல் இடம்பெயர்ந்தவர்கள், சண்டை முடிந்தும் தீவில் கடற்படை. ஒரு வருசத்துக்குக் கிட்ட மாதா கோயிலடியில் இருந்து பார்த்தார்கள், மகஜர் எழுதிப் பார்த்தார்கள். பிறகு 2018 சித்திரை 23ஆம் திகதி படகுகளில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு நேரே தீவுக்கே போய் இறங்கிவிட்டார்கள். போனவர்கள் திரும்பவில்லை, அங்கேயே தங்கினார்கள். வைகாசியில் அதிகாரிகள் போய்ப் பார்த்து, சரி குடியேறலாம் என்று சொல்ல வேண்டி வந்தது. வெள்ளைக்கொடி என்றால் வன்னியில் என்ன ஞாபகம் வரும் என்று எங்களுக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை. அதே கொடியை ஊருக்குப் போகிற கொடியாக்கியது எவருடைய மூளையோ, கும்பிட வேண்டும்.

கந்தசுவாமி கோயிலடித் தாய்மாருக்கு மட்டும் அப்படி ஒரு நாள் வரவில்லை. அவர்களுடைய கதை ஜெனீவா வரை போனது, தீர்மானங்களில் ஏறியது, 2016இல் காணாமல் போனோர் அலுவலகத்துக்குச் சட்டம் வந்தது, 2018இல் ஆட்களும் போட்டார்கள். பிள்ளை எங்கே என்ற கேள்வி கேள்வியாகவே நிற்கிறது, கேட்டவர்களில் எத்தனையோ பேர் கொட்டிலில் இருந்தபடியே நோயில் விழுந்து போய்விட்டார்கள். மகனின் படத்தைக் கொப்பி எடுக்க வந்த அந்த அம்மாவும் இல்லை. காணியைத் திருப்பிக் கொடுக்க வேலியைத் தள்ளிப் போட்டால் போதும். இவர்களுக்குப் பதில் சொல்வதென்றால் ஆரோ ஒருவர் வாய் திறந்து செய்ததைச் சொல்ல வேண்டும். ஒற்றுமை போதாமல் இல்லை, எதிரே கேட்கிற விலை வேறு.

சரி, கடன் கதைக்கு வருகிறேன், இது எங்கள் வீட்டுக் கதையும்தான். நுண்கடன் கொம்பனிகள் ஊருக்குள் வந்து பெண்களை ஐந்தைந்து பேராகக் குழு சேர்த்தார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் கட்ட வேண்டும், கிழமைக்கு ஒருநாள் ஒரு வீட்டு முற்றத்தில் கூட்டம். அம்மா எடுத்தது ஆடு வாங்க, கடைசியில் ஆட்டை விற்றும் கிழமைக்காசு முடியவில்லை. சேர்க்க வருகிற பெடியன் படலையடியில் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டிவிட்டுப் பொழுது படும்வரை இருப்பான், அவனுக்கும் மேலே ஒருத்தன் இருப்பான் போலும். இதிலே ஒரு வேடிக்கை நடந்தது. அதுவரை அந்தப் பெண்களை ஒரே பாயில் இருத்த எந்தச் சங்கத்தாலும் முடியவில்லை. கொம்பனி இருத்தியது, கிழமைக்கிழமை. காசு எண்ணி முடிந்த பிறகும் எழும்பாமல் இருந்து கதைக்கத் தொடங்கினார்கள். எனக்கு எவ்வளவு வட்டி, உனக்கு எவ்வளவு வட்டி என்று கொப்பியைக் கொப்பியோடு வைத்துப் பார்த்தார்கள். அதுவரைக்கும் ஊருக்குள் இருந்த கதை "அவளுக்குக் காசு பிடிக்கத் தெரியாது, வாங்கித் தின்டிட்டு அழுகிறாள்" என்பது. அந்தப் பாயில் அது "இந்த வட்டி ஆரும் கட்டக்கூடிய வட்டியில்லை" என்று மாறியது.

2018இல் நிதியமைச்சர் மங்கள சமரவீர, வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட கடன்களில், மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் கிடந்ததை அரசாங்கம் ஏற்கும் என்று அறிவித்தார். வட்டிக்கு 35 வீதம் உச்சவரம்பும் வந்தது. 35 வீதம் என்பதைச் சலுகை என்று சொல்லும் நிலையில் நாங்கள் இருந்தோம், அதையும் எழுதி வைக்கிறேன். தோட்டை அடகு வைத்து மானத்துக்காகத் தவணை தவறாமல் கட்டிய அம்மாவுக்கு ஒரு சதமும் இல்லை. 2021இல் ஹிங்குராங்கொடையில் சிங்களப் பெண்கள் இதே கடனுக்கு எதிராக வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தபோது படங்கள் எங்கள் வட்ஸ்அப் குழுவுக்கும் வந்தன. ஒரு அக்கா குரல் பதிவில் சொன்னார்: "இவையளும் எங்களைப்போல சொப்பின் பையோடதான் இருக்கினம்."

இவ்வளவையும் சொன்னது இனிச் சொல்லப்போகிறதுக்காகத்தான்.

எங்கள் தாத்தா மலையகத்தில் மாத்தளைப் பக்கத் தோட்டத்தில் இருந்து 1977 கலவரத்தோடு வன்னிக்கு வந்தவர். எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படி வந்தவர்கள்தான், மிச்சம் 83இல் வந்தவர்கள். காடு வெட்டி, கிணறு தோண்டி, ஊர்க்காரரின் வயலில் கூலிக்கு நின்று இருந்த இடம். கையில் காணி உறுதிப்பத்திரம் இல்லை, அரச காணிக்கான பேர்மிற்றும் இல்லை. சண்டைக்காலத்தில் எல்லோரோடும் சேர்ந்து ஓடினோம், எல்லோரோடும் சேர்ந்து மெனிக் பாமில் கிடந்தோம், செத்தவர்களும் எல்லோரோடும் சேர்ந்தே செத்தார்கள். திரும்பி வந்து வீட்டுத்திட்டப் பட்டியல் போட்டபோதுதான் பிரித்துக் கேட்டார்கள்: "காணிப் பத்திரம்?" எங்கள் ஒழுங்கை பட்டியலில் இல்லை.

நாங்களும் ஒரு மகஜர் எழுதுவோம் என்று 2018இல் வாசிகசாலையில் கூடினோம். எழுதுகிறது நான், வேறு ஆர். கடையில் அடித்து அடித்துக் கை பழகியிருந்ததால் முதல் வரியே தானாக வந்தது: "எமது பூர்வீகக் காணிகளில்." காணிப் போராட்டங்களில் நின்று பழகிய ஒரு அக்கா உதவிக்கு வந்திருந்தார், நல்ல மனுசி, எங்கள் ஊர்க்காரி இல்லை. வாசித்துவிட்டு, தயங்கித்தான் கேட்டார்: "தங்கச்சி, நீங்கள் பிறகு வந்த ஆக்கள்தானே, பூர்வீகம் எண்டு போடலாமோ? அவங்கள் அதையே பிடிச்சு மிச்சத்தையும் தட்டிக் கழிப்பாங்கள்."

அவர் சொன்னது சரி. அதுதான் நொந்தது. "வடக்கத்தியான்", "தோட்டக்காட்டான்" என்று பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டவர்களைக்கூட நான் மறந்துவிட்டேன், அந்த அக்கா பேனையால் அந்தச் சொல்லின் கீழ் கீறிய கோடு மறக்கவில்லை. ஊர் ஊராகச் சனத்தைச் சேர்த்த சொல் அது. உறுதி உள்ளவனுக்கு அது கோட்டை, எங்களுக்கு அது வேலி. ஒரு கதையை எல்லோரும் சொல்லக்கூடியதாகச் சுருக்கும்போது ஆரோ ஒருவர் வெளியே போகத்தான் வேண்டும், அது பெரும்பாலும் கூட்டத்துக்குப் பாய் விரித்தவராகத்தான் இருக்கும். எழுதியதை நான் அழித்தேன். அதற்குப் பதிலாக என்ன போடுவதென்று ஒருவருக்கும் தெரியவில்லை, அந்த மகஜர் அப்படியே கிடந்துபோனது.

முன்னோர் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து 200 வருசம் ஆனதை நினைத்து, 2023 ஆடியில் மலையகம் 200 என்று தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, தொடக்க நாளுக்கு நாங்கள் ஒரு வான் பிடித்துப் போனோம். மேடையில் லயம், சம்பளம், தோட்டக் காணி. நியாயமான கதைதான், ஆனால் தோட்டத்தை விட்டு வந்து 46 வருசமான எங்களுக்கு அதிலும் பாதிக் கால்தான் ஊன்ற முடிந்தது. திரும்பி வரும்போது வானுக்குள் அம்மாயி, அம்மாவின் அம்மா, கேட்டார், "அப்ப நம்ம ஆளுங்க மாத்தளைக்கு நடந்து போன வழி இந்தக் காடுதானா?" இதுதான் என்றேன். மன்னாரில் இறங்கி இந்த வன்னிக் காட்டுக்குள்ளால் நடந்து, வழியிலேயே எத்தனையோ பேர் செத்து விழுந்து, அப்புறம்தான் மலை. அம்மாயி கொஞ்ச நேரம் யன்னலால் பார்த்துவிட்டு, "அப்ப ரெண்டாந் தடவதான் வந்திருக்கோம்" என்றார். வானே சிரித்தது. நான் அதைப் போனில் குறித்து வைத்தேன்.

2025 பங்குனியில் வடக்கில் 5,940 ஏக்கருக்கு உரிமையை மூன்று மாதத்துக்குள் நிரூபி, இல்லாவிட்டால் அரச காணி என்று வர்த்தமானி வந்ததும் எல்லாத் திசையிலும் கொதித்தது. கட்சிகள், வழக்கு, வெளிநாட்டில் இருக்கிற காணிக்காரர், கடைசியில் அரசாங்கம் அந்த வர்த்தமானியை மீளப்பெற்றது. நானும் கையெழுத்து வைத்தேன். வைத்துவிட்டு யோசித்தேன், அரசாங்கம் இவர்களிடம் மூன்று மாதத்தில் கேட்டதை எங்களிடம் 15 வருசமாகக் கேட்கிறது, அதற்கு ஒருநாளும் இப்படிக் கொதிக்கவில்லை. கோபத்தில் சொல்லவில்லை. பழைய கொப்பியின் கடைசிப் பக்கத்து இலக்கங்களுக்கு அடித்து இதையே நேரே சொன்னேன். இரண்டு பேர் எடுக்கவில்லை. அந்தக் கோடு கீறிய அக்கா அடுத்த நாளே வந்தார், வரும்போது தங்கள் போராட்டத்தில் பாவித்த விண்ணப்பப் படிவங்களின் கொப்பியும் கொண்டுவந்தார்.

இந்தத் தடவை பூர்வீகம் இல்லை. "எப்போது குடியேறினீர்கள்?" என்ற கட்டத்துக்கு எங்களிடம் என்ன இருக்கிறது என்று வீடு வீடாகப் பார்க்கிறோம். பழைய வாக்காளர் இடாப்பு, கூப்பன், பிள்ளைகளின் கிளினிக் கொப்பி, கிணறு கட்டின கொத்தனாரின் துண்டு. ஒன்றும் இல்லாத வீட்டில் மரம். தென்னைக்கு மட்டை விழுந்த தழும்பு வளையம் வளையமாக இருக்கும், வருசத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று என்று கணக்குப் போட்டால் வயது கிட்டத்தட்ட வரும். ஷெல் பட்டு வட்டு இல்லாமல் மொட்டையாக நிற்கிற மரத்துக்கு எப்படி எண்ணுகிறது என்று கேட்டதற்கு, எண்ணத் தெரிந்த பெரியப்பா சொன்னார், "அது 2009 வரைக்கும் வளந்துச்சுன்னு எழுதிக்க." எழுதிக்கொண்டேன். அம்மாயி வீட்டுப் பலாவுக்கு வளையம் இல்லை. ஆனால் அது அம்மா பிறந்து முப்பத்தொன்று கழித்த கிழமை வைத்த கன்று, அம்மாவின் பிறப்புப் பத்திரம் இருக்கிறது. அதுவும் கட்டத்துக்குள் போனது.

22 வீடு முடிந்தது. குளக்கட்டுப் பக்கத்து ஒழுங்கை மிச்சம். ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும், பெரியப்பாவுக்கு முழங்கால் நோ, ஆரிடமாவது ஓட்டோ கேட்க வேண்டும்.